கிறீச் சத்தத்தைத் துரத்திய நான்கு மாதங்கள்

காலையில் வண்டியைப் பின்னோக்கி எடுத்து ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடிக்கும்போது, எண்ணெய் காணாத கதவுக் கீல் திறப்பதைப் போன்ற ஒரு கிறீச் சத்தம் முன்பக்கத்திலிருந்து கேட்டது. 8 ஆண்டுகள் ஓடி 1,40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்ட பிக்கப் என்பதால், வயதானால் மூட்டு வலிப்பது இயல்புதானே என்று முதல் இரண்டு வாரங்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன். அதன்பின் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதும் ஏறக்குறைய அதே சத்தம் கேட்கத் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு 4 மாதங்கள் ஆயின. மூன்று பட்டறைகள் ஏறி இறங்கினேன். ஒரு மாத வருமானத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே செலவழித்தேன். உண்மையில் மாற்ற வேண்டியிருந்த பாகங்களின் விலை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். கழன்று விழக்கூடிய நிலையில் இருந்த ஒரு மூட்டின் மேல் குடும்பத்தையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு அத்தனை நாட்கள் ஓட்டியிருக்கிறேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

முதல் பட்டறையில், ஸ்டியரிங்கில் சத்தம் வருகிறது என்ற ஒற்றை வரியைச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டியரிங் என்றதும் அவர்கள் பவர் ஸ்டியரிங் பம்ப்பைத் திறந்து பார்த்தார்கள். ஆயில் கறுத்திருந்தது, பெல்ட்டின் உட்புறம் தேய்ந்து பளபளத்திருந்தது, இரண்டையும் மாற்றினார்கள். இரண்டுமே எப்போதாவது மாற்ற வேண்டியவைதான் என்பதால் அவர்களை முழுவதுமாகக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் சத்தம் அப்படியே இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று யாராவது எனக்கு அன்றே சொல்லியிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். பெல்ட்டும் பம்ப்பும் எஞ்சின் ஓடினால்தான் சத்தமிடும். பெல்ட் வழுக்கும் சத்தம் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும்போது உரத்துக் கேட்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் மாறும். என் வண்டியிலோ எஞ்சின் அணைந்திருக்கும்போதும், சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்துவிட்டு இரண்டு கைகளாலும் இழுத்துத் திருப்பினால், அதே கிறீச் கேட்டது. அப்படியென்றால் தவறு சுழலும் பாகத்தில் இல்லை, அசையும் மூட்டில் இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. எஞ்சின் இல்லாமல் ஸ்டியரிங் கனமாக இருக்கும் என்பதால் முழுச் சுற்றுத் திருப்ப வேண்டியதில்லை. கால் சுற்று இப்படியும் அப்படியும் அசைத்தாலே போதும். எஞ்சின் ஓடும்போது சோதிப்பவர்கள் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துச் சில நொடிகளுக்கு மேல் அப்படியே பிடித்திருக்கக் கூடாது. பம்ப் சூடாகிக் கெட்டுவிடும்.

இரண்டாவது பட்டறையில் வேகத்தடையில் கேட்கும் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். வண்டியின் மூக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்த மெக்கானிக், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று தீர்ப்பளித்தார். முன்பக்கத்தில் இரண்டையும் மாற்றிவிட்டு, அடிப்பகுதி முழுவதையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வண்டியைப் பளிச்சென்று கொடுத்தார்கள். அன்றும் அதற்கு அடுத்த நாளும் வேகத்தடைச் சத்தம் சுத்தமாக இல்லை. நான்கு பேரிடம் அந்தப் பட்டறையைப் பற்றிப் பெருமையாகவும் பேசிவிட்டேன். மூன்றாம் நாள் அடிப்பகுதி நன்றாகக் காய்ந்ததும் சத்தம் திரும்பி வந்தது. தண்ணீர் பட்டதால் ரப்பர்களும் ஸ்பிரிங் பட்டைகளும் வாயை மூடிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பழுது பார்த்த வண்டியைக் கழுவிய நிலையிலோ மழை நாளிலோ ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். காய்ந்த பிறகும் இரண்டு மூன்று நாட்கள் ஓட்டிப் பார்த்துவிட்டே வேலை முடிந்தது என்று எண்ணுங்கள். கழற்றிய ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவும் இல்லை, கையால் அழுத்திப் பார்த்தபோது தளர்ச்சியும் இல்லை என்பதைப் பின்னால் வீட்டில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வந்தது மட்டுமே அந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான காரியம்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பட்டறைகளின் மீது நம்பிக்கை போய், துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றப் பயன்படும் மெல்லிய ஸ்பிரே எண்ணெயை வாங்கி, முன்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு மூட்டிலும் ரப்பரிலும் அடித்தேன். ஒரு வாரம் அமைதி, மறுபடியும் சத்தம், மறுபடியும் ஸ்பிரே. இப்படி ஆறு வாரங்கள் கழிந்தன. அந்த எண்ணெய் உயவுக்கான கிரீஸ் அன்று. மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்து, அதற்குள் அது போனால் அங்கே மிச்சமிருக்கும் நல்ல கிரீஸையும் கரைத்து வெளியேற்றிவிடும். பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி மென்மையாகிவிடும். ஒட்டிய எண்ணெயில் புழுதி சேர்ந்து அரைப்புப் பொடி போல வேலை செய்யும். இவை எல்லாவற்றையும்விட, கெட்டுப்போன மூட்டு எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே எச்சரிக்கையை நானே வாரம் ஒருமுறை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் எந்தப் பாகத்தையும் ஆதாரம் இல்லாமல் தொடுவதில்லை என்று முடிவு செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் எப்போதெல்லாம் கேட்கிறது என்று எழுதத் தொடங்கியதும் எனக்கே வியப்பாக இருந்தது, ஏனென்றால் ஒரே சத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எழுத்தில் மூன்றாகப் பிரிந்தது. நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் இடது பக்கத்தில் கேட்கும் நீண்ட கிறீச் ஒன்று. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே காலடியில், வண்டிக்குள்ளேயே கேட்கும் சன்னமான உரசல் இன்னொன்று. திருப்பாமலேயே மேடுபள்ளத்தில் கேட்பது மூன்றாவது; சுமை இல்லாதபோது அது அதிகம், சுமை ஏற்றினால் குறைவு. காலையிலா மாலையிலா, ஈரத்திலா காய்ந்த நிலையிலா, பிரேக் மிதித்தால் மாறுகிறதா, ஒரு பக்கம் ஒடித்தால் மட்டுமா இரு பக்கமுமா என்று நீங்களும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பிரேக்கை லேசாக மிதித்ததும் நின்றுபோகும் கீச்சு பெரும்பாலும் பிரேக் பேடைச் சேர்ந்தது. சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறையும் உறுமல் வீல் பேரிங்கைச் சேர்ந்ததாக இருக்கலாம். அவற்றுக்கும் சஸ்பென்ஷனுக்கும், அதாவது வண்டியைச் சக்கரங்களின் மேல் தாங்கும் ஸ்பிரிங், மூட்டுகளின் அமைப்புக்கும், தொடர்பில்லை.

அடுத்து, என் தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டியரிங்கை மெதுவாக இருபக்கமும் அசைக்கச் சொன்னேன். வண்டி தரையில் நான்கு சக்கரத்திலும் நின்றுகொண்டிருந்ததால் ஜாக்கி தேவைப்படவில்லை. பிக்கப்பின் உயரம் இதற்கு வசதியானது. நான் பக்கவாட்டில் படுத்துக் கையை நீட்டி ஒவ்வொரு மூட்டிலும் விரல்களை வைத்துப் பார்த்தேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: காதை நம்பாதீர்கள். பிக்கப்பின் சட்டம் நீளமான இரும்பு. ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் கேட்கும். காதுக்குச் சத்தம் ஸ்டியரிங் பெட்டியின் அருகில் கேட்டது. ஆனால் விரலுக்குக் கிடைத்த அதிர்வு, இடது சக்கரத்தைச் சட்டத்தோடு இணைத்துத் தாங்கும் கை போன்ற கீழ்க் கண்ட்ரோல் ஆர்மின் முனையில் இருந்த பால் ஜாயிண்டில், அதாவது எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டில்தான் இருந்தது. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனை மூட்டான டை ராட் எண்டைத் தொட்டால் ஒன்றுமில்லை. மேல் பால் ஜாயிண்டில் மெல்லிய அதிர்வு. கீழே வந்ததும், மணலை அரைப்பது போல விரல் நுனியில் நறநறவென்று உணர்ந்தேன். கை எட்டாத இடங்களில் நீண்ட ஸ்குரூடிரைவரின் கூர்முனையை மூட்டில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால், மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பைப் போல இடத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். ஸ்டியரிங் திரும்பும்போது ஆர்முக்கும் தடுப்புக் கட்டைக்கும் நடுவே விரல் சிக்கினால் நசுங்கிவிடும் என்பதால், திருப்புபவரும் தொட்டுப் பார்ப்பவரும் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் குரல் கொடுத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரைக் கொண்டும் ஒரு சோதனை செய்தேன். இரண்டாவது பட்டறை தெரியாமல் கற்றுக்கொடுத்த பாடம் அது. செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தெளித்து, சத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் போல இது எதையும் கெடுக்காது, காய்ந்ததும் பழைய நிலை திரும்பிவிடும், ஆகவே எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம். பம்பரை அழுத்தி ஆட்டியபடி வளைவுகளில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களில் (மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் ரப்பர் வளையங்களில்) தெளித்தபோது, முன்பக்கத்தில் இருந்த சிறிய முனகல் உடனே நின்றது. பின்பக்கம் வந்து, வளைந்த பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங்கின் பட்டை முனைகளில் தெளித்தபோது வேகத்தடைச் சத்தத்தின் பெரும்பகுதி அடங்கியது. நான் முன்பக்க ஷாக் அப்சார்பர்களுக்குப் பணம் கொடுத்து அமைதிப்படுத்த முயன்ற சத்தம் பின்பக்கத்தில் இருந்து வந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பால் ஜாயிண்டின் மேல் எவ்வளவு தெளித்தும் அதன் சத்தத்தில் மாற்றமே இல்லை. அதன் தேய்மானம் உறைக்குள் உலோகத்தோடு உலோகம் உரசுவது என்பதை அது உறுதிப்படுத்தியது. காலடியில் கேட்ட உரசல்தான் மிக எளிதாகத் தீர்ந்தது: ஸ்டியரிங் தண்டு எஞ்சின் பகுதிக்குள் நுழையும் துவாரத்தில் உள்ள ரப்பர் உறை காய்ந்து தண்டோடு ஒட்டி உரசியிருக்கிறது, விரல் நுனியளவு சிலிக்கான் கிரீஸ் தடவியதோடு அது போயே போய்விட்டது. ஸ்டியரிங் சக்கரத்தின் நடுப்பகுதிக்குள்ளேயே சரசரப்புக் கேட்டால் மட்டும் அதை நீங்களே திறக்க முயல வேண்டாம். அங்கே ஏர்பேக் இருக்கிறது.

பால் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஜாக்கி தேவை. இதைத் தவறான இடத்தில் வைத்தால் கெட்ட மூட்டும் நல்ல மூட்டைப் போலத் தெரியும் என்பதை மூன்றாவது பட்டறையின் மூத்த மெக்கானிக்கிடம்தான் கற்றேன். என் வண்டியைப் போலக் கீழ் ஆர்மின் மீது ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில், சட்டத்துக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் விசை ஆர்மைக் கீழே தள்ளி மூட்டை இறுக்கிவிடும், ஆட்டம் தெரியாது. கீழ் ஆர்முக்கு அடியிலேயே, பால் ஜாயிண்டுக்கு முடிந்தவரை அருகில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையைவிட்டு எழும்பியதும் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்பிப் பார்க்க வேண்டும். மேல் ஆர்மில் ஸ்பிரிங் இருக்கும் வண்டிகளுக்கு இது தலைகீழ். அங்கே சட்டத்தைத்தான் தாங்க வேண்டும். எதுவானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்டாண்ட் கொடுத்தே ஆக வேண்டும். அவர் நெம்பியபோது மூட்டு டக் டக்கென்று கண்ணுக்குத் தெரியும்படி மேலும் கீழும் ஆடியது. ரப்பர் உறை பின்பக்கம், நான் பார்க்காத பக்கத்தில், அரை வட்டமாகக் கிழிந்திருந்தது. அதிலிருந்து கிரீஸுக்குப் பதிலாகத் துருநிறத் தண்ணீர் வடிந்தது. இந்த மூட்டு முழுதாகக் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து வண்டி அந்த மூலையில் தரையில் உட்கார்ந்துவிடும் என்று அவர் சொன்னபோது, போன வாரம் நெடுஞ்சாலையில் நான் போன வேகம் நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றேன்.

வலது பக்க மூட்டில் சத்தம் இல்லை என்றாலும் உறையில் வெடிப்புகள் தெரிந்ததால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். மூட்டைப் பிரிக்க இரட்டை நாக்குக் கருவியை நுழைத்துச் சுத்தியலால் அடித்தால் ரப்பர் உறை கிழியும். மாற்றப்போகும் பாகத்தில் அது பரவாயில்லை, ஆனால் திரும்பப் பூட்ட வேண்டிய டை ராட் எண்டை அப்படிக் கழற்றக் கூடாது. எனக்கு ஒரு நல்ல டை ராட் எண்ட் அப்படித்தான் வீணானது. அதன் விலையைப் பட்டறை பாதி ஏற்றுக்கொண்டது. பற்கள் கொண்ட நட்டைக் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு இறுக்கிய பிறகு, நட்டு கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னுக்கான துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் சற்று இறுக்கி நேர்படுத்த வேண்டுமே தவிர, தளர்த்தி நேர்படுத்தக் கூடாது. பழைய காட்டர் பின்னை மறுபடி போடவும் கூடாது. கடைசியாக வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. அது கூடுதல் வருமானத்துக்காகச் சொல்வது என்று நான் சந்தேகப்பட்டேன். ஆனால் என் முன் இடது டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும் அளவுக்கு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். மூட்டு ஆடிய ஒவ்வொரு நாளும் அந்த டயர் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த டயரும் கணக்கில் சேர்ந்தது.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குக்கு வருவோம். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும் இடத்தில், முனைகளில், சிறிய பிளாஸ்டிக் வில்லைகள் இருக்கும். என் வண்டியில் அவற்றில் இரண்டு தேய்ந்து காணாமலே போய், இரும்பு இரும்போடு உரசியது. சுமை ஏற்றினால் சத்தம் குறைந்ததற்குக் காரணம், பட்டைகள் அழுந்தி அவற்றின் வழுக்கல் குறைந்ததுதான். பட்டைகளைப் பிரித்துக் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுத்து, புதிய வில்லைகளைப் போட்டதும் சத்தம் நின்றது. இடையில் ஈரமான கிரீஸ் தடவலாமா என்று கேட்டேன். புழுதியைப் பிடித்துவைத்து இரண்டு மாதத்தில் அரைக்கும் என்று சொல்லி, உலர்ந்த கிராஃபைட்டை மட்டும் பூசினார்கள். லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் என்ற இணைப்பின் புஷ்களையும் அப்போதே மாற்றினோம். ரப்பர் புஷ் போட்ட போல்ட்டுகளை, வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுவதுமாக இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று வண்டி தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய புஷ் பிறந்த நாளிலிருந்தே முறுக்கிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும், புதிதாகப் போட்டதே கிறீச்சிடும்.

உயவு பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்பிரே பாட்டிலோடு அலைந்தவன் என்ற முறையில் இதில் எனக்கு அக்கறை அதிகம். கிரீஸ் நிப்பிள் (கிரீஸை உள்ளே செலுத்துவதற்கான சிறிய முனை) இருக்கும் மூட்டுகளுக்கு கிரீஸ் கன்னால் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் நிப்பிளைத் துடைக்காவிட்டால் அதன் தலையில் இருக்கும் மணலை நாமே உள்ளே தள்ளுகிறோம். உறை லேசாக உப்பும்வரை மெதுவாகக் கொடுத்தால் போதும். அழுத்திக்கொண்டே போனால் உறை வெடிக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுமையை நீக்கிய நிலையில் கொடுத்தால், அழுந்தியிருக்கும் பக்கத்துக்கும் கிரீஸ் போய்ச் சேரும். நிப்பிள் இல்லாத மூடிய மூட்டு என்றால் அதற்கு வெளியிலிருந்து செய்யக்கூடிய வைத்தியம் எதுவுமில்லை. சத்தமிட்டால் ஆட்டம் பார்த்து மாற்ற வேண்டியதுதான். ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் புஷ்ஷுக்குச் சிலிக்கான் சார்ந்த உயவு பொருந்தும். பாலியூரித்தேன் புஷ் போட்டிருப்பவர்களுக்கு அதற்கான கெட்டியான சிலிக்கான் கிரீஸ் இல்லாமல் தீராது, அந்த வகைப் புஷ் காய்ந்தால் ரப்பரைவிட அதிகமாகவே கத்தும். இரும்பு உறையோடு ஒட்டி வார்க்கப்பட்ட கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷுக்கு எதையும் தடவ வேண்டியதில்லை; அது வழுக்குவதில்லை, ரப்பர் முறுக்கிக்கொள்வதன் மூலமே அசைகிறது.

மூன்றாவது பட்டறையில் எல்லாம் சுமுகமாக நடந்ததற்கு அந்த மெக்கானிக்கின் திறமை மட்டும் காரணம் அன்று. இம்முறை நான் சத்தத்தை மூன்றாகப் பிரித்து, எது எப்போது கேட்கிறது, எங்கே தண்ணீர் தெளித்தால் நிற்கிறது என்று எழுதிய தாளோடு போனேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டியும் காட்டினேன். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று மரியாதையோடு கேட்டேன். அவரும் சலிக்காமல் கையால் ஆட்டிக் காட்டினார். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடமாக இருந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவதே மேல் என்று இப்போது நினைக்கிறேன். மேல் பால் ஜாயிண்டில் நான் உணர்ந்த அதிர்வு கீழிருந்து பரவியதுதான் என்று சோதித்துச் சொல்லி, அதை மாற்றாமலே விட்டதும் அவர்தான்.

ஸ்பிரிங்கைப் பிரித்துப் பூட்டினால், அதை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டுகள் படிந்து தளரும், 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். சத்தம் எதுவும் இல்லாததால் போக வேண்டுமா என்று ஒரு வாரம் தயங்கிவிட்டுப் போனேன். எட்டு நட்டுகளில் ஆறு அசையவில்லை. வலது பின்பக்கத்தில் இரண்டு, ஏறக்குறைய கால் சுற்று இறுகின.